சொல்லிவிட்டுத் தொடுங்கள்

எங்கள் இயன்முறை சிகிச்சைக் கூடத்தில் சென்ற மாதம் நடந்தது இது. பயிற்சி முடிந்து ஒரு பெரியவர் நாற்காலியில் அமர்ந்திருந்தார். பார்க்கின்சன் நோய் கண்டு சில ஆண்டுகள் ஆகியிருந்தன. வாசலில் ஆட்டோ காத்திருந்தது. உடன் வந்த மகன், "எழுந்திரிங்கப்பா, நேரமாச்சு" என்று சொல்லிக்கொண்டே தந்தையின் இரு மணிக்கட்டுகளையும் பற்றி இழுத்தார். பெரியவரின் உடல் முன்னே வரவில்லை, பின்னே சாய்ந்தது. மகன் இன்னும் வலுவாக இழுத்தார். தந்தை இன்னும் இறுகினார். ஈற்றில் மகன் என் பக்கம் திரும்பி, "பாருங்க மேடம், வேணும்னே பண்றார்" என்றார். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார்.

மகனைக் கைகளை விடச் சொன்னேன். பெரியவரை நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து ஊன்றச் சொன்னேன். "ஐயா, மூன்று வரை எண்ணுவேன். மூன்று என்றதும் நன்றாக முன்னால் குனிந்து எழுந்திருங்கள்" என்று கூறிச் சற்றுப் பொறுத்தேன். பிறகு எண்ணினேன். அவர் எழுந்து நின்றார். என் கை அவர் முதுகுப்புறம் காவலுக்கு இருந்தது, தூக்கவில்லை. "இப்ப மட்டும் எப்படி எழுந்தார்?" என்று மகன் கேட்டார். ஆட்டோ காத்திருந்தபடியால் அன்று இரண்டு வார்த்தைகளில் விடை சொல்லி அனுப்பிவிட்டேன். அவரைப் போன்று வீட்டில் ஒருவரைப் பேணிவரும் அனைவருக்கும் அந்த விடையை முழுமையாகச் சொல்ல விரும்பியே இதனை எழுதுகிறேன்.

உடல் அசைவதற்கு முன்பே மூளை அந்த அசைவுக்கு ஆயத்தமாகத் தொடங்கிவிடுகிறது. அடுத்து என்ன நேரப்போகிறது என்று முன்கூட்டியே கணித்து, அதற்கேற்பத் தசைகளை அணிவகுத்து நிறுத்துகிறது. நோயுற்ற மூளைக்கும் முதிர்ந்த மூளைக்கும் இந்த ஆயத்தத்திற்குக் கூடுதல் நேரம் வேண்டும். நாமோ அன்பினாலும் அவசரத்தினாலும் அந்த நேரத்தைப் பறித்துவிடுகிறோம். நோயாளிக்குச் சொல்லாமல் அவரைத் தொட்டு நகர்த்தக் கூடாது. சொன்ன பின்னும் சில நொடிகள் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுமையை மருந்துக்கு நிகரான சிகிச்சையாகக் கருத வேண்டும். இதுவே என் கருத்து.

மூளையின் முன்கணிப்பு நமக்குப் புதிய செய்தியன்று. நிறைந்திருக்கிறது என்று நினைத்து வெற்றுக் குடத்தைத் தூக்கினால் கை திடுமென மேலே போகிறது. குடத்தைத் தொடுமுன்பே இவ்வளவு விசை வேண்டும் என்று மூளை முடிவு செய்துவிட்டதே அதற்குக் காரணம். இருளில் மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருப்பதாக எண்ணிக் கால் வைத்தால் உடல் முழுதும் அதிர்கிறது. மின்தடையால் நின்றுபோன நகரும் படிக்கட்டில் ஏறும்போதும், அது ஓடவில்லை என்று கண்ணால் கண்டும்கூட, முதல் அடியில் உடல் முன்னே சாய்கிறது. நாம் உணராமலே மூளை ஒவ்வொரு கணமும் அடுத்த கணத்தைப் பற்றிப் பந்தயம் கட்டிக்கொண்டிருக்கிறது. பந்தயம் பலிக்கும்வரை அதனை நாம் அறிவதில்லை. தவறும்போதே தடுமாறி அறிகிறோம்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். இடது முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, அதன்மேல் கனமான புத்தகம் ஒன்றை வையுங்கள். உங்கள் வலக் கையால் அதனை எடுங்கள். இடக் கை இருந்த இடத்திலேயே நிற்கும். மீண்டும் புத்தகத்தை வைத்துக் கண்களை மூடிக்கொள்ளுங்கள். இம்முறை வேறொருவர் அதனை எடுக்கட்டும். இடக் கை சட்டென்று மேலே எழும்பும். நீங்களே எடுத்தபோது, சுமை நீங்கப்போகும் கணத்தை மூளை அறிந்திருந்தது. சரியாக அந்த நேரத்தில் இடக் கைத் தசையைத் தளர்த்தியது. பிறர் எடுத்தபோது அந்த முன்னறிவு இல்லை. கண்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாலும் கை ஓரளவு எழும்பவே செய்யும். தானே தொடங்கும் செயலுக்கு உடல் ஆயத்தமாவது போலப் பிறர் தொடங்கும் செயலுக்கு ஆயத்தமாவதில்லை.

அறிவியலாளர் இதனைப் பல வழிகளில் அளந்திருக்கின்றனர். நின்றுகொண்டிருப்பவர் ஒரு கையை முன்னே உயர்த்தும்போது, தோள் தசை வேலை செய்யத் தொடங்குமுன்பே தொடையின் பின்புறத் தசை இறுகுவதைச் சோவியத் ஆய்வாளர்கள் 1967-இல் வெளியிட்டனர். கை முன்னே போனால் உடலின் நிறையும் முன்னே சாயும் என்பதை முன்னறிந்து, விழாதபடி கால் தன்னை முதலில் ஊன்றிக்கொள்கிறது. சாய்ந்த பிறகு சரிசெய்வதன்று இது. சாயுமுன்பே செய்யும் காப்பு.

ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் ஹான்ஸ் ஹெல்முட் கோர்ன்ஹூபர், லூடர் டீக்கே என்னும் இருவர் 1964-இல் தலையின்மேல் மின்முனைகளைப் பொருத்தி, விரும்பிய நேரத்தில் விரலை அசைக்குமாறு தன்னார்வலர்களைக் கேட்டனர். மூளையின் மின் அலைகளைக் காந்த நாடாவில் பதிந்து, விரல் அசைந்த கணத்திலிருந்து நாடாவைப் பின்னோக்கி ஓட்டி ஆராய்ந்தனர். விரல் அசைவதற்கு ஏறத்தாழ ஒரு வினாடிக்கு முன்பே மூளையில் மெல்லிய மின்மாற்றம் ஒன்று எழத் தொடங்கி, அசைவை நோக்கி வளர்ந்து வந்தது. 1965-இல் அவர்கள் வெளியிட்ட அந்த அலைக்கு ஆயத்த மின்னழுத்தம் என்று பெயர். ஒரு விரலை அசைக்கவே நலமுற்ற மூளைக்கு அத்தனை முன்னேற்பாடு வேண்டும் என்றால், முழு உடலையும் நாற்காலியிலிருந்து எழுப்பும் செயலுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அதே 1964-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கிரே வால்டர் என்னும் ஆய்வாளர் இன்னொன்றைக் கண்டார். முதலில் "டிக்" என்று ஓர் ஒலி. ஒரு வினாடி கழித்து ஒளி மின்னும். ஒளியைக் கண்டதும் பொத்தானை அழுத்த வேண்டும். சில முறை பழகியதும், ஒலிக்கும் ஒளிக்கும் இடைப்பட்ட அந்த ஒரு வினாடியில் மூளையின் முற்பகுதியில் ஓர் அலை எழுந்தது. அதனை எதிர்பார்ப்பு அலை என்றனர். இனிப் பொத்தானை அழுத்த வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டால் அந்த அலை அடங்கியது. நாம் நோயாளியிடம் சொல்லும் "ஒன்று, இரண்டு" என்பது அந்த முதல் ஒலியைப் போன்றது. வரவிருக்கும் செயலுக்காக மூளை தன்னைத் திரட்டிக்கொள்ள அது வாயில் திறக்கிறது.

நோய் இந்த ஏற்பாட்டில் எங்கே குறுக்கிடுகிறது என்பதையும் பார்ப்போம். 1817-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் விவரித்த, பின்னர் அவர் பெயராலேயே வழங்கும் நோயில், டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளை நரம்பணுக்கள் படிப்படியாக அழிகின்றன. மூளையின் ஆழத்திலுள்ள நரம்புத் திரள்கள் அந்த டோபமினைக் கொண்டே ஒரு செயலைத் தொடங்குவதற்கான பச்சைக்கொடியை முன்மூளைக்குக் காட்டுகின்றன. அது குறையும்போது, நடக்கத் தெரியும், நடக்க விருப்பமும் உண்டு, தசையிலும் வலிமை உண்டு; ஆனால் தொடக்கம் மட்டும் வாய்ப்பதில்லை. ஃபிரைபர்க்கில் கண்ட அந்த ஆயத்த அலையின் தொடக்கப் பகுதி இந்நோயாளிகளிடம் தாழ்ந்திருப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியுள்ளன.

பக்கவாதத்தில் நிலைமை வேறு. இயக்கக் கட்டளை செல்லும் பாதையே சிதைந்திருக்கலாம். அல்லது ஒரு பக்கத்து உலகையே மூளை கவனிக்காமல் விட்டிருக்கலாம். அல்லது நாம் சொல்வதைப் புரிந்துகொள்ளும் பகுதி தாக்குண்டிருக்கலாம். முதுமையில் கண், செவி, பாதத்தின் உணர்ச்சி ஆகிய யாவும் மங்குவதால் முன்கணிப்பதற்கு வேண்டிய செய்திகளே குறைவாக வந்து சேர்கின்றன. காரணங்கள் வேறுவேறாயினும் விளைவு ஒன்றே: ஆயத்தத்திற்குக் கூடுதல் நேரம் வேண்டியிருக்கிறது.

இத்தகையவரை முன்னறிவிப்பின்றி இழுக்கும்போது, புத்தகச் சோதனையில் கண்டது அவர் உடல் முழுதிலும் நிகழ்கிறது. எந்தத் திசையில், எந்த விசையில், எப்போது இழுக்கப்படுவோம் என்று அவர் மூளை அறியாது. விழப்போகிறோம் என்றே அது கொள்கிறது. உடலை இறுக்கிப் பின்னே சாய்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளப் பார்க்கிறது. அந்தத் தற்காப்பையே நாம் பிடிவாதம் என்கிறோம். பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்தால் இன்னொரு கேடும் உண்டு: தளர்ந்த தசைகளால் தாங்கப்படாத தோள்மூட்டு எளிதில் ஊறுபட்டு, மாதக்கணக்கில் வலி தங்கிவிடும்.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "கூப்பிட்டால் ஒரு அடி எடுத்து வைக்க மாட்டார், ஆனால் அன்றைக்குப் பேரன் படியில் தடுக்கி விழப்போனபோது ஓடிப்போய்ப் பிடித்தாரே! அப்படியென்றால் நடிக்கிறார் என்றுதானே பொருள்?" என்று குடும்பத்தார் கேட்பதுண்டு. பொருள் அதுவன்று. நடக்கவியலாமல் உறைந்து நிற்கும் பார்க்கின்சன் நோயாளி, திடீர் நெருக்கடியில் ஓடுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவர். 2010-இல் நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு நோயாளியைப் பற்றி எழுதினர். 58 வயதான அவரால் சில அடிகள்கூடச் சரிவர நடக்க முடியவில்லை. ஆனால் மிதிவண்டியில் ஏற்றிவிட்டால் தடையின்றி ஓட்டினார். இறங்கியதும் மீண்டும் உறைந்து நின்றார். தானே உள்ளிருந்து தொடங்கும் அசைவுக்கும், வெளியிலிருந்து வரும் தூண்டுதலைப் பற்றிக்கொண்டு நிகழும் அசைவுக்கும் மூளை ஒரே பாதையை ஒரே அளவில் பயன்படுத்துவதில்லை என்று கருதப்படுகிறது. முதற்பாதை அடைபட்டவருக்கு இரண்டாவது திறந்திருக்கலாம். ஆகவே உங்கள் தந்தை ஒரு நாள் ஓடினார் என்பதைக் கொண்டு, மற்ற நாட்களில் அவர் நடிக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். அந்தச் சொல் அவர் மனத்தில் ஏற்படுத்தும் புண்ணுக்கு எங்களிடம் பயிற்சி இல்லை.

திறந்திருக்கும் அந்தப் பாதையை நாம் பயன்படுத்திக்கொள்ளலாம். தரையில் நடக்கும் திசைக்குக் குறுக்கே வண்ண நாடாவால் கோடுகள் ஒட்டினால், அவற்றைத் தாண்டித் தாண்டி நடக்கும்போது உறைதல் பலருக்குக் குறைகிறது. சீரான தாளமும் அவ்வாறே உதவுகிறது. கச்சேரி கேட்பவரின் கையைப் பாருங்கள். மிருதங்கத்தின் அடி காதில் விழுந்த பிறகு அது தொடையில் இறங்கினால் பிந்திவிடும். அடி விழும் கணத்தை முன்னறிந்தே கை இறங்குகிறது. தாளம் என்பது அடுத்த கணத்தைப் பற்றிய உறுதிமொழி. அந்த உறுதியைப் பற்றிக்கொண்டு தளர்ந்த காலும் எழுகிறது. பழகிய பாட்டை முணுமுணுத்துக்கொண்டு நடக்கும் பாட்டியைக் கேலி செய்யாதீர்கள். அவர் தமக்கு வேண்டிய மருந்தைத் தாமே கண்டுபிடித்திருக்கிறார்.

இனி, வீட்டில் செய்யத்தக்கவற்றைச் சொல்கிறேன். நோயாளியின் முன்புறம், அவர் கண்ணுக்குத் தெரியும்படி வாருங்கள். மறதிநோய் உள்ளவருக்கு இது இன்னும் முக்கியம். பின்னாலிருந்து வரும் கை அவருக்கு யாருடையது என்றே தெரியாது. என்ன செய்யப்போகிறோம் என்பதை ஒரே சிறு வாக்கியத்தில் சொல்லுங்கள்: "அம்மா, இப்ப எழுந்து நிக்கப்போறோம்." சொன்னவுடன் மறுபடியும் சொல்லாதீர்கள். மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். அந்த நேரத்தில் அவர் சும்மா இருப்பதாகத் தோன்றும்; உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கிறது. இடையில் மீண்டும் ஒரு கட்டளை வந்தால், பாதியில் நின்ற ஆயத்தத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். சொல்லால் புரிந்துகொள்ள இயலாதவருக்குச் சைகையால் காட்டுங்கள். கேளாதவருக்குத் தோளை மெல்லத் தொட்டு உணர்த்துங்கள்.

பிறகு எண்ணுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே எண்ணிக்கை, ஒரே சொற்கள். மகன் மூன்றுவரை எண்ணி, மருமகள் "ம், எழுந்திரிங்க அத்தை" என்று சொல்லி, செவிலியர் வேறொரு முறையைக் கைக்கொண்டால் முன்கணிப்புக்கு வழியில்லை. இன்னும் ஒரு படி மேலே சென்று, இயன்றவரை நோயாளியையே எண்ணச் சொல்லுங்கள். புத்தகத்தைத் தானே எடுத்த கையைப் போல, தாமே தொடங்கும் செயலுக்குத்தான் உடல் முழுமையாக ஆயத்தமாகும்.

நடக்கும்போது கதை பேசாதீர்கள். 1997-இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள், முதியோர் இல்லவாசிகளில் யாரெல்லாம் பேச்சுக் கொடுத்ததும் நடையை நிறுத்திவிடுகிறார்கள் என்று கவனித்தனர். அவ்வாறு நின்றவர்களே அடுத்த ஆறு மாதங்களில் மிகுதியாக விழுந்தனர். பேச்சுக்கும் நடைக்கும் ஒரே வேளையில் கவனத்தைப் பங்கிட அவர்களால் இயலவில்லை. வீட்டு வாசற்படியில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு மின்கட்டணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள். உட்கார்ந்த பின் கேட்கலாம்.

கால் உறைந்து நின்றுவிட்டால் இழுக்க வேண்டாம், தள்ளவும் வேண்டாம். முதலில் நிற்கட்டும். நிமிரட்டும். எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மெல்ல மாற்றட்டும். பிறகு ஒரு பெரிய அடி வைக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று பொறுத்திருங்கள். மாத்திரையின் விளைவு நன்றாக இருக்கும் வேளையைக் கவனித்து, குளியலையும் நடைப்பயிற்சியையும் அவ்வேளையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நோயாளிக்கு எம்முறை பொருந்தும் என்பதை அவருடைய சிகிச்சையாளரிடம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறவாதீர்கள்: திடீரென வாய் கோணுதல், பேச்சு குழறுதல், ஒரு பக்கம் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் பொறுமைக்கு அங்கே இடமில்லை, உடனே 108-ஐ அழையுங்கள்.

"இதற்கெல்லாம் நேரம் எங்கே?" என்பது நான் அடிக்கடி கேட்கும் கேள்வி. பொய்யான கேள்வியன்று. வேலைக்கும் போய், பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பி, இரவில் நான்கு முறை எழுந்து படுக்கையை மாற்றும் மகளிடம் "பொறுமையாக இருங்கள்" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆயினும் கணக்கைப் பாருங்கள். நான் கேட்பது ஒரு முறைக்குப் பத்து நொடி. இழுபறியில் கழியும் நேரம் பெரும்பாலும் அதைவிட அதிகம். ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தாலோ, அறுவை சிகிச்சையும் மாதக்கணக்கான படுக்கையும் காத்திருக்கின்றன.

இந்த அறிவுரை குடும்பத்தாருக்கு மட்டும் உரியதன்று. மருத்துவமனைப் பணியாளராகிய நாங்களும் தவறியிருக்கிறோம். நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டில், பக்கவாதத்தில் படுத்திருந்த ஓர் அம்மையாரின் தலைப்பக்கமாகச் சென்று, ஒன்றும் சொல்லாமல் அவரைப் பக்கவாட்டில் புரட்டினேன். அன்று இன்னும் பதினோரு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. அவர் அலறிய அலறல் இன்றும் என் காதில் இருக்கிறது. வலியினால் அலறவில்லை என்று பின்னர்ச் சொன்னார். கட்டிலிலிருந்து விழுகிறோம் என்று நினைத்தாராம். அன்று முதல் சொல்லாமல் யாரையும் தொட்டதில்லை என்று என்னால் சொல்ல முடியாது. தொட்டபோதெல்லாம் வருந்தியிருக்கிறேன் என்று மட்டும் சொல்லலாம். எத்தனை பேரைப் பார்த்தோம் என்று எண்ணும் நிர்வாகம், ஒவ்வொருவருக்கும் எத்தனை நொடி பொறுத்தோம் என்பதற்கும் இடமளிக்க வேண்டும் என்பதும் என் கருத்தில் அடங்கும்.

நோயாளிகளாகிய உங்களுக்கும் ஒரு சொல். "கொஞ்சம் பொறு, நானே சொல்கிறேன்" என்று கேட்பது உங்கள் உரிமை. அதில் வெட்கப்பட ஏதுமில்லை. எழுவதற்கு முன் அந்த எழுதலை மனத்துக்குள் ஒருமுறை நடத்திப் பாருங்கள்: பாதம் பின்னே, உடல் முன்னே, மூக்கு முழங்காலைத் தாண்டட்டும், பிறகு மேலே. ஓர் அசைவைக் கற்பனை செய்யும்போதும் அந்த அசைவுக்குரிய மூளைப் பகுதிகள் பல விழிப்படைகின்றன. பக்கவாத மறுவாழ்வில் இதனைப் பயிற்சியோடு சேர்த்துக் கொடுப்பதும் உண்டு.

தொடக்கத்தில் சொன்ன பெரியவர் அடுத்த வாரமும் வந்தார். பயிற்சி முடிந்ததும் மகன் எதிரே வந்து நின்றார். "அப்பா, கிளம்பலாமா? நீங்களே எண்ணுங்க" என்றார். சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொள்ளாமலும் நீட்டாமலும், எப்படி நிற்பது என்று தெரியாதவர் போல நின்றார். பெரியவர் உடனே எண்ணவில்லை. பாதங்களைப் பின்னே இழுத்தார். தரையைப் பார்த்தார். பிறகு மெல்லிய குரலில் எண்ணத் தொடங்கினார். இரண்டிலேயே எழுந்துவிட்டார்.